ஊரே உங்க பின்னால

மலாகி சார் மேல புகார் கொடுத்தது வேற யாரும் இல்ல, எங்க ஹெட்மாஸ்டர் பெனியாமினாதான்னு தெரிஞ்சதும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிடுச்சு. நேரா அவர் ரூமுக்குள்ள போயிட்டேன்.

"சார், நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

அவர் நிதானமா கோகோ குடிச்சிட்டிருந்தார். "உட்காரும்மா. ஒரு கப் ஊத்தட்டுமா?"

"நீங்களே குடிங்க. பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுற மனுஷனைப் போய் ஆப்பியா தலைமை ஆபீஸுக்குப் போட்டுக் கொடுக்க எப்படி சார் மனசு வந்தது?"

"கவர்மென்ட் வேலையில இருக்கிறவங்க எந்த வேட்பாளருக்கும் ஆதரவாப் பேசக் கூடாது. சட்டம் தெரியுமில்ல?"

"சட்டமாம் சட்டம்! அவருக்கு வேலை போனா மூணு பிள்ளைங்களும் நடுத்தெருவுல நிக்கும்."

அவர் கோகோவை ஊதிக் குடிச்சார்.

மலாகி சார் எங்க பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். அதோட, எங்க ஊரோட பேச்சாளர். எங்க சமோவாவோட சவாயித் தீவுல எந்த ஊருக்கு யார் வந்தாலும், அந்த ஊர்ப் பேச்சாளர் கோலை ஊனி எழுந்து நின்னு வரவேற்கணும். அப்பா வழியில வந்த பட்டம். வேண்டாம்னு உதற முடியாது.

போன மாசம் ஒரு வேட்பாளர் ஊருக்கு வந்தார். மலாகி சார் எழுந்து, "நீங்க வந்ததும் எங்க வானம் தெளிஞ்சது. ஊரே உங்க பின்னால நிக்குது"ன்னு பேசினார். எவனோ ஒருத்தன் அதை மட்டும் வீடியோ எடுத்து விட்டுட்டான். இப்ப எல்லார் போன்லயும் அதுதான் ஓடுது.

"விடுங்க டீச்சர். அவர் கடமையை அவர் செய்றார்"னு மலாகி சார் சொன்னார். சொன்னாரே தவிர, முகத்துல ஈயாடல.

மறுவாரமே விசாரணை அதிகாரி கப்பல்ல வந்து இறங்கினாங்க. பேரு ஃபிலோமேனா. சமோவாப் பொண்ணுதான், ஆனா ஆக்லாந்துல பிறந்து வளர்ந்தவங்க. சிரிப்புங்கிறது மருந்துக்கும் இல்ல.

பள்ளிக்கூட வாசல்ல ஊர்ப் பெரியவங்க, விருந்தாளிக்கு மரியாதையாக் கொடுக்கிற அவா பானத்தைக் கரைச்சு வெச்சுக் காத்துட்டிருந்தாங்க.

"இதெல்லாம் வேண்டாம். நான் விருந்துக்கு வரல, விசாரணைக்கு வந்திருக்கேன்"னாங்க.

பெரியவங்க முகமெல்லாம் சுருங்கிப் போச்சு. ஹெட்மாஸ்டர் குறுக்கே விழுந்தார். "மேடம், அஞ்சே நிமிஷம். வரவேற்பை வேண்டாம்னா ஊரையே அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"சரி, சீக்கிரம் முடிங்க."

ஹெட்மாஸ்டர் திரும்பி, "மலாகி, வாப்பா"ன்னார்.

கழுத்தை அறுக்க வந்தவங்களுக்கு அந்த மனுஷனே மாலை போடணுமா? இதைவிடக் கொடுமை உண்டா?

மலாகி சார் வந்தார். கோலை ஊனி நின்னார். வாயைத் திறந்ததும் குரல் கணீர்னு வந்தது.

"நீங்க வந்ததும் எங்க வானம் தெளிஞ்சது. ஊரே உங்க பின்னால நிக்குது."

அந்தம்மா திடுக்கிட்டு, "என் பின்னாலயா? நான் உங்க வேலைக்கே உலை வைக்க வந்திருக்கேன், தெரியுமா?"ன்னாங்க.

"தெரியும் மேடம். அதுக்காக வரவேற்காம இருக்க முடியுமா?"

அவங்க அவசரமா போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டாங்க. அதே வானம். அதே ஊர். அதே பின்னால. ஒரு வார்த்தை கூடக் குறைய இல்ல.

பெரியவர் ஒருத்தர் பொக்கை வாயால சிரிச்சார். "எல்லாருக்கும் இதேதாம்மா. தண்ணித் தொட்டி கட்ட வந்த இன்ஜினீயருக்கும் இதேதான். எதிர்த்து நிக்கிறவர் வந்தாரே, அவருக்கும் இதேதான். அதை எவனும் வீடியோ எடுக்கல."

"அப்ப நான் கூட எலெக்ஷன்ல நிக்கலாம் போலிருக்கே!"

வந்ததுலேர்ந்து அப்பதான் அவங்க சிரிச்சாங்க. சிரிச்சாலும் விடல. வரவேற்பைத் தாண்டி அவர் யாருக்காவது ஓட்டுக் கேட்டாரான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் விசாரிச்சாங்க. யாரும் ஆமான்னு சொல்லல.

கடைசியில எல்லார் முன்னாடியும் சத்தமாவே சொன்னாங்க. "இவர் மேல தப்பில்ல. விசாரணை முடிஞ்சது. இனி இதை யாரும் கிளற முடியாது. ஆனா எலெக்ஷன் முடியற வரைக்கும், வேட்பாளர் வந்தா வேற யாராவது பேசட்டும். மத்தவங்க வந்தா இவரே பேசட்டும்."

பெரியவங்க சரின்னு தலையாட்டினாங்க. அந்தம்மா அவாக் கிண்ணத்தை வாங்கி ஒரே மடக்குல குடிச்சாங்க. மலாகி சார் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். எனக்கும் அழுகை பொங்கிடுச்சு.

ஆனா ஹெட்மாஸ்டரை மட்டும் விடறதா இல்ல.

"இப்பவாவது வெட்கமா இருக்கா சார்?"

"அந்த வீடியோ சும்மா கிடக்கும்னு நினைச்சியா? நாளைக்கு எலெக்ஷன்ல தோக்கிறவன் அதைத் தூக்கிட்டு ஓடுவான். ஆப்பியா ஆபீஸ்ல உட்கார்ந்தபடியே பார்த்துட்டு மலாகியை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அதுக்கு நீங்களே புகார் கொடுப்பீங்களா? அது ஊர் வழக்கம்னு எடுத்துச் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா, கூட வேலை பார்க்கிறவனுக்குச் சப்பைக்கட்டு கட்டறேன்னு சொல்லியிருப்பாங்க. அதான் போன் பண்ணி, நேர்ல வந்து விசாரிச்சாத்தான் ஆச்சுன்னு அடம் பிடிச்சேன்."

இன்னொரு கப்புல கோகோ ஊத்தி என் பக்கம் தள்ளினார்.

"நம்ம ஊருக்கு வர்றவங்களை நாம வரவேற்காம விட்டிருக்கோமா? அதே வார்த்தையைச் சொல்லி வரவேற்கப் போறது யாரு, மலாகிதானே?"