வலைக்குள் வந்த புள்ளி

அது வியாழனா வெள்ளியா என்று கடலாமை ஆய்வாளர் லோகநாயகிக்கு இப்போது நிச்சயமில்லை. ஒடிசாவிலிருந்து வந்த ஃபோன் மட்டும் மறக்கவில்லை. இரண்டு மாநில ஆய்வுக்குழுக்களும் சேர்ந்து கண்காணித்த கடலாமை, முதுகில் ஒட்டிய, அதன் இருப்பிடத்தை வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் கருவியோடு பாலாற்று முகத்துவாரத்தில் கரையேறி, சாலையில் போகிறதாம்.

“யாரோ பிடிச்சிட்டாங்க. உங்க ஊர் ஆளுங்களா, சாலமோன்?”

“எங்கூரு ஆளுங்க ஆமைய தொடமாட்டாங்க மேடம்.” டிரைவர் சாலமோன் ஜீப்பைக் கிளப்பினார். “காலைல முகத்துவாரத்துல பொறுக்கின கிழிஞ்ச வலைலாம் மேல கீது. எறக்கிட்டுப் போலாமா?”

“இப்ப அதுவா முக்கியம்?”

சாலமோனின் ஊரான சதுரங்கப்பட்டினத்தில் வீடு வீடாகத் தேடினார்கள். ஆமை இல்லை. சலித்துப்போய் அணுபுரம் அலுவலகத்துக்குத் திரும்பியதும் மறுபடி ஃபோன் வந்தது. கருவியும் சதுரங்கப்பட்டினம் போய், அணுபுரம் வந்துவிட்டதாம்.

“நாம போற இடமெல்லாம் பிடிச்சவங்களுக்கு எப்படித் தெரியுது? நீங்கதான் சொல்றீங்க. நாளைலேருந்து வராதீங்க.”

 சாலமோன் ஜீப் மேலே ஏறி வலைக்குவியலை இறக்கினார். ஆமையின் முதுகிலிருந்து கழன்ற கருவி அதில் சிக்கியிருந்தது.

ஆமை கடலில் எங்கோ இருக்கலாம். லோகநாயகி மன்னிப்புக் கேட்டாள். சாலமோன் திரும்ப வேலைக்கு வரவில்லை; இப்போது மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார்.