ஆறு பேரும் ஃபெயில்

மூன்றாவது தடவையாக ஆறு பேரும் ஃபெயில்.

விடைத்தாள் கட்டை மேசைமேல் தொப்பென்று போட்டார் வாத்தியார். இருபத்திரண்டு வருஷமாக, வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறவர். கல்லைக்கூட இங்கிலீஷ் பேச வைத்துவிடுவேன் என்று வீட்டில் பீற்றிக்கொள்கிற ஆள்.

"முப்பது தடவை சொல்லிட்டேன். உங்க மண்டையில ஏறவே ஏறாதா?"

டாக்ஸி டிரைவர் தலையைச் சொறிந்தார். "வண்டி ஓட்டுற மண்டை சார்..."

"இலக்கணம் எதுக்குங்க? நாம நினைச்சது எதிராளிக்கு அப்படியே போய்ச் சேரணும். அதுக்குத்தான். அதுகூடப் புரியலையா?"

"புரியலை சார்," என்றார் தையல்கார அம்மா, கொஞ்சமும் வெட்கப்படாமல். "இன்னொரு தடவை முதல்லேர்ந்து நடத்துங்க."

பேக்கரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. இவர்கள் அவரவர் தொழிலில் புலி. அப்படியானால் இந்த வகுப்பில் மண்டு யார்? யோசிக்க யோசிக்க ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினார்.

நேரே நிர்வாகி அறைக்குப் போனார். நின்றபடியே ஆங்கிலத்தில் ராஜினாமா எழுதி நீட்டினார்.

"எனக்குச் சொல்லிக்கொடுக்க வரலை மேடம்."

நிர்வாகி படித்தார். "ரெண்டு இடத்துல தப்பு இருக்கு சார்."

"அவசரத்துல..." அசடு வழிந்தார் வாத்தியார்.

"போன வருஷம் போர்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டினோமே. அதுல மூணு இடத்துல சுழிச்சு வச்சது நீங்கதானே?"

"நான்தான். நாலு பேர் பார்த்தா மானம் போயிடாதா?"

"அதுல என்ன விஷயம் இருந்தது?"

வாத்தியாருக்குப் பிழை மூன்றும் நினைவிருந்தது, எந்தெந்த வரி என்றுகூடச் சொல்வார். விஷயத்தை எங்கே படித்தார்!

"புதுசா யாரும் சேரலை. இந்த ஆறு பேரும் பாஸாகி மேல் வகுப்புக்குப் போனதும் அடிப்படை வகுப்பை மூடிடுவோம், உங்க வேலையும் அதோட சரின்னு போட்டிருந்தோம்."

வாத்தியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க படிக்கலை. அவங்க படிச்சிட்டாங்க." நிர்வாகி இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பறிபோன லைசென்ஸை, தானே இங்கிலீஷ்ல மனு எழுதித் திரும்ப வாங்கினாராம் டிரைவர். உங்க பாடம்தான் சோறு போடுதுன்னு சொன்னார். மூணாவது தடவையும் ஃபெயிலானா வேற வாத்தியாரைப் போட்டுடுவோமோன்னு பயம் வேற. நேத்து ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு இதைக் கொடுத்தாங்க."

'எங்களுக்கு இன்னும் ஆங்கிலம் அறவே வரவில்லை. ஆகவே வகுப்பை மூட வேண்டாம். இந்த வாத்தியாரையும் மாற்ற வேண்டாம்' என்று ஒரு முழுப் பக்கம், ஆங்கிலத்திலேயே.

பழக்கதோஷம், மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை தேடினார். கண்ணீரில் எழுத்தெல்லாம் மங்கியது. ஒரு பிழைகூட அகப்படவில்லை.