டாக்னியின் பிரஷ்

"வண்டிய பிளக்குல மாட்டிட்டு உள்ள வா நடீன். நீ சொல்ல வந்தது ரெண்டு நிமிஷத்துல முடியற விஷயமில்ல."

கதவைப் பாதி திறந்து சொல்லிவிட்டு டாக்னி உள்ளே போய்விட்டாள். காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். மார்ச் பிறந்து ஒரு வாரம் ஆகியும் குளிர் மைனஸ் இருபத்தெட்டிலேயே நின்றிருந்தது. எஞ்சின் உறைந்துவிடாமல் சூடேற்றும் கம்பியை நடீன் சுவர் பிளக்கில் மாட்டிவிட்டு, என்ன சொல்ல வேண்டும் என்பதை மனதுக்குள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பதினோரு வருஷமாக நடீன் கேப்டன், டாக்னி அவளுடைய அணியில் கல்லுக்கு முன்னால் பனியை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டு ஓடுபவள். பனித்தரையில் கல்லை வழுக்கிவிட்டு வட்டத்துக்குள் நிறுத்தும் கர்லிங் ஆட்டத்தை, கனடாவின் மனிடோபா மாகாணத்தில் அவர்கள் ஆடாத ஊர் குறைவு. மாகாண இறுதிப் போட்டி வரை ஐந்து முறை போயிருந்தார்கள். ஐந்து முறையும் தோற்றார்கள். நடீனுக்கு நாற்பத்தொரு வயது. தேசியப் போட்டிக்கு ஒரு தரம்கூடப் போனதில்லை.

ஐந்தாவது தோல்வி நடந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அன்றைக்குக் கடைசிக் கல்லை அணியின் மற்ற இருவரில் ஒருத்தியான ட்ரினா விட்டாள். டாக்னியும் இன்னொருத்தியான கொலீனும் அதன் முன்னால் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். வட்டத்தில் காத்திருந்த நடீனும் கடைசி நாலடிக்குச் சேர்ந்துகொண்டாள். கல் வட்டத்தின் நடுப்புள்ளியில் போய் உட்கார்ந்தது. அரங்கமே எழுந்து நின்றது. ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது டாக்னி கையைத் தூக்கினாள். ஓடும் கல்லில் தன் பிரஷ் பட்டுவிட்டது என்றாள். ஓடும் கல்லில் ஆடுபவரின் பிரஷ்ஷோ காலோ பட்டால், அந்தக் கல்லை நீக்கிவிட எதிரணிக்கு உரிமை உண்டு.

நடுவர் பார்க்கவில்லை. எதிரணி பார்க்கவில்லை. கேமராவிலும் எதுவும் தெரியவில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் தப்பு செய்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும், சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. எதிரணிக் கேப்டன் ஒரு கணம் தயங்கிவிட்டு, அந்தக் கல்லைக் காலால் வெளியே தள்ளினாள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் கைவிட்டுப் போயிற்று.

நடீன்தான் முதலில் போய் டாக்னியைக் கட்டிக்கொண்டாள். எங்கள் அணியில் ஆடுகிறவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நிருபர்களிடமும் சொன்னாள். அந்தப் பேட்டி நன்றாக வந்திருந்தது.

டாக்னி காபியை வைத்தாள். உலர்ந்த பிளம் பழம் வைத்த அடுக்குக் கேக்கிலிருந்து இரண்டு துண்டு வெட்டி ஒன்றை நடீன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிட்டுட்டே சொல்லு" என்றாள்.

நடீன் கேக்கைத் தொடவில்லை. அடுத்த சீசனுக்கு அணியில் ஒரு மாற்றம் என்று ஆரம்பித்தாள். வின்னிபெக்கில் ஒரு பெண் இருக்கிறாள், இருபத்திரண்டு வயது, நன்றாக ஓடுகிறாள். விளம்பரம் கொடுப்பவர்களும் புதுமுகம் வேண்டும் என்கிறார்கள். ட்ரினா, கொலீன் இருவருக்கும் சம்மதம். மூன்று பேரும் சேர்ந்து எடுத்த முடிவு இது.

உண்மையில் அவர்கள் இருவரும் எந்த மாற்றமும் கேட்டிருக்கவில்லை. நடீன் தானே போன் செய்து பேசி, நாலு நாள் விடாமல் பேசி, அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

டாக்னி தன் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். பிறகு, வயசுதான் காரணமா என்று கேட்டாள்.

"வயசு மட்டுமில்ல. கொஞ்ச நாளாவே உன் பிரஷ் கல்லுக்கு ரொம்பக் கிட்டப் போகுது டாக்னி. நான் வட்டத்துல நின்னு பாக்கறேன்ல."

"பதினோரு வருஷத்துல எத்தன தடவ பட்டிருக்கு?"

"அன்னிக்கு ஒரு தடவதான். ஆனா அது எந்தத் தடவன்னு பாரு."

டாக்னி தலையாட்டினாள். தன் பங்கு கேக்கை நிதானமாகத் தின்று முடித்தாள். அணியின் சட்டையைத் துவைத்துக் கொடுத்துவிடுவதாகவும், அந்தப் பெண்ணுக்குத் தேய்க்கும் முறையில் சந்தேகம் இருந்தால் தன்னைக் கூப்பிடச் சொல்லும்படியும் சொன்னாள். அழவில்லை. சண்டையும் போடவில்லை. நடீன் எதிர்பார்த்து வந்தது இரண்டில் ஒன்றை. இரண்டும் இல்லாமல் அவளுக்கு அங்கே உட்காரவே முடியவில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

கதவருகே போனதும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது.

"நீ செஞ்சது பெரிய விஷயம்டி. அத யாராலயும் இல்லன்னு சொல்ல முடியாது. நீ வாயத் திறக்காம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ரெண்டு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் டாக்னி.

"யாரு ரெண்டு பேரு?"

"நீயும் நானும். கல்லுல பட்டது என் பிரஷ் இல்ல நடீன், உன் ஷூ."

எப்போது, எப்படி என்று நடீன் கேட்கவில்லை.

"நீ கையத் தூக்குவேன்னுதான் பாத்துட்டு நின்னேன்" என்றாள் டாக்னி. "நீ தூக்கல. அதான் நான் தூக்கினேன்."