கோர்ட் பதிவில் டெலைலா

அமெரிக்காவின் ஒஹையோவில் வெயில் விழுந்த அந்தக் காலி வீட்டுக்குள் டெலைலா கனவில் நடப்பவள்போல் நடந்து, இல்லாத கட்டிலுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரி கோவால்ஸ்கி செல்போனோடு வந்தாள். "வீடு தர முடியாதும்மா. கோர்ட் பதிவுல உன் பேரு இருக்கு. வாடகை கட்டலைன்னு காலி பண்ண வெச்சிருக்காங்க."

டெலைலா அவள் பக்கம் திரும்பினாள். "தெரியும் மேடம். மூணு வீட்டுல இதைச் சொல்லித்தான் அனுப்பிட்டாங்க. இதுவும் போச்சுன்னா தங்க இடமில்லை."

"காலி பண்ண வெச்சப்போ என்ன வேலை பார்த்தே?"

"வேலைக்குப் போகலை மேடம்."

"அதானே! வீட்டுல உட்கார்ந்து பொழுதன்னைக்கும் என்னதான் பண்ணினே, மகாராணி?"

"படம் வரைவேன். மத்தியானம் தூங்குவேன்."

"கொடுத்து வெச்சவ!"

"அம்மா வாடகைப் பத்திரத்துல வீட்டுல இருக்கிறவங்க எல்லார் பேரையும் எழுதிட்டாங்க. கேஸும் எல்லார் மேலயும் விழுந்துச்சு," என்றாள் டெலைலா மெதுவாக. "அப்போ எனக்கு நாலு வயசு, மேடம்."