பத்தடி தூரம்

மெஷின் பனியைக் கடித்துத் துப்பத் தொடங்கியதும் டுவெயின் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு ஜன்னலைத்தான்.

ஆர்வோ அங்கேதான் இருந்தார். இடுப்பு ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. ஊன்றுகோலில் சாய்ந்து, கையில் காப்பியோடு, வேடிக்கை பார்க்க வசதியாக நின்றிருந்தார்.

பேட்டரியில் ஓடும் இந்தச் சின்னப் பனி மெஷினை மனைவி லொரெய்ன் வாங்கி வந்த அன்றைக்கே ஆர்வோ தீர்ப்புச் சொல்லியாயிற்று. இது தாடி மழிக்கத்தான் லாயக்காம். ஹான்காக் ஊரில் மெஷின் விஷயத்தில் ஆர்வோ சொன்னால் சொன்னதுதான்.

டுவெயினுக்கு இது விளையாட்டில்லை. போன குளிர்காலத்தில் பனி வாரிக்கொண்டிருந்தவர், வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இனி பனி வாரும் மண்வெட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெட்ரோல் மெஷினை இழுத்துத் திருப்பவும் உடம்பில் தெம்பில்லை.

லொரெய்ன் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இந்தக் குளிர்காலத்தைச் சின்ன மெஷின் சமாளித்தால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு, பனியே விழாத அரிசோனாவில் மகளோடு போய் இருந்துவிட வேண்டும்.

அரிசோனா என்ற பேச்சு வந்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

பனி முழங்கால் உயரம் இருந்தது. தன் வீட்டுக் கார் பாதையை அரை மணி நேரத்தில் முடித்தார். தெருப் பனியைத் தள்ளும் லாரி ஒதுக்கிவிட்டுப் போன கட்டிப் பனி, பாதையின் முனையில் வரப்பாகக் கிடந்தது. அங்கே மட்டும் மெஷின் முக்கி முனகி நின்றது. அவர் விடவில்லை. மேலிருந்து ஏடு ஏடாகக் கொறிக்கவிட்டார்.

அடுப்பருகே சூடாக வைத்திருந்த இரண்டாவது பேட்டரியை மாட்டிக்கொண்டு ஆர்வோ வீட்டுப் பாதைக்குப் போனார். யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் படுத்திருந்தால் அவன் பனியும் நம் பனிதான்.

ஒரே சிக்கல், மெஷின் பத்தடிக்கு மேல் வீசவில்லை. ஆர்வோவின் பெட்ரோல் மெஷினாக இருந்தால் வேலிக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டும். இங்கே ஒரு பக்கம் அவர் இப்போதுதான் சுத்தம் செய்த பாதை. மறு பக்கம் ஆர்வோ வீட்டுச் சுவர்.

மெஷினின் மூக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஈரப்பனி மார்பளவுக்கு நேர்த்தியாக ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் ஆர்வோ போன் செய்தார்.

"உன் பொம்மை பரவாயில்லடா. தூரமா வீசத்தான் தெரியல. வீட்ட விக்காத, போ."

டுவெயின் பள்ளிக்கூடத்தில் பாஸானவர் போல் சிரித்தார். கேட்டுக்கொண்டிருந்த லொரெய்னும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆர்வோ போனை எடுக்கவில்லை. லொரெய்ன் மாற்றுச் சாவியோடு போனாள். உள்ளே இரண்டு அடி வைத்தவள் தலை சுற்றி வெளியே வந்துவிட்டாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். ஆர்வோவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர் முகம் எப்போதையும்விட நல்ல சிவப்பாக இருந்தது. இனி அவசரப்பட ஒன்றும் மிச்சமில்லை என்பது அவர்கள் நடையிலேயே தெரிந்தது.

அவர்களில் ரிக் உள்ளூர்க்காரன், டயர் கடை வைத்திருப்பவன். வீட்டைச் சுற்றி வந்தவன் அந்தச் சுவரருகே நின்றான். குனிந்து கையாலேயே பனியைத் தோண்டினான்.

ஒரு வெள்ளைக் குழாயின் வாய் தெரிந்தது. வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரின் புகை வெளியேறும் குழாய். அது அடைபட்டதால் விஷப் புகை ராத்திரி முழுக்க வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது.

ரிக் மார்பளவுப் பனியைப் பார்த்தான். பக்கத்துப் பாதையில் நின்ற சின்ன மெஷினைப் பார்த்தான்.

டுவெயின் வாயைத் திறந்தார். அதற்குள் ரிக் முந்திக்கொண்டான்.

"கூரைலேர்ந்து சரிஞ்சு விழுந்திருக்கும்," என்றான் ரிக், யார் முகத்தையும் பார்க்காமல்.

"ஆமா. கூரைலேர்ந்துதான்," என்றாள் லொரெய்ன்.

அந்தப் பக்கம் கூரைக்குச் சரிவே கிடையாது. நின்றிருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.

ரிக் அப்படியே அறிக்கையில் எழுதிக்கொண்டு, சரிதானே என்பதுபோல் டுவெயினைப் பார்த்தான்.

டுவெயின் தலையாட்டினார்.