ஒரு சொல்லுக்கு ஒரு கட்டு

ஞானப்பிரகாசம் மூக்கில் கட்டோடு வீட்டுக்குள் நுழைந்தார். ஜெர்மன் பொறியியல் சொற்களை இயந்திரமே ஆங்கிலமாக்கிவிடும். ஆனால் அது சரியென்று கையெழுத்துப் போட, அந்தப் பொருளை உடம்பால் அனுபவித்த மனிதர் ஒருவர் வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர் இவர்தான்.

“இன்னிக்கு என்ன வார்த்தைங்க?” என்றாள் மனைவி பிலோமினா.

“காரோட ஏர்பேக்.”

“போன வாரத்து கன்வேயர் பெல்ட்டுக்கு இது தேவலை. நாளைக்கு?”

அவர் தயங்கினார். “போர் விமானத்துல ஆபத்துன்னா பைலட்டை சீட்டோட மேலே தூக்கி எறியுமே, அது.”

பிலோமினா அவர் மூக்குக் கட்டைச் சரிசெய்தாள்.

“பாராசூட் உண்டுல்ல?”

“உண்டு.”

“எனக்கு முட்டி வலி, படியேற முடியல. நீங்க நம்ம மொட்டை மாடியிலயே எறங்கி, காயற வத்தலை அள்ளிட்டு வந்துடுங்க.”