பாடிட்டு வாங்க

"அரங்கம் நிரம்பி வழியுது. இவர் என்னடான்னா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உக்காந்திருக்கார்!" புதிதாகச் சேர்ந்த மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேடை உடைகள் தைப்பவள் பாடகனின் கோட்டுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வேன் விபத்துக்கப்புறம் இவர் மேடையே ஏறலையாம். ஓட்டினது இவர், செத்தது டிரம்மர். தன்னாலதான்னு மருகுறார். இவர் உங்க மேல உயிரையே வச்சிருக்கார்னு குழுவுக்கே தெரியும். நீங்க சொல்லிப் பாருங்க மேடம்."

"நான் சொன்னா கேப்பாரா?"

"அந்த டிரம்மரோட மனைவியே வந்து சொன்னாத்தான் கேப்பார் போல. அவங்களை எங்கே போய்த் தேடறது?"

அவள் நூலைக் கடித்து அறுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் நிமிரவில்லை. "அவன் இல்லாத மேடையில நான் மட்டும் எப்படி நிக்கிறது?"

"எதிர்ல வந்த லாரி தடம் மாறினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கும் இத்தனை நாள் ஆச்சு. செத்தவரோட பொண்டாட்டி நானே சொல்றேன், உங்க மேல எனக்குக் கோபமே இல்லை."

"அப்போ நாம..."

"பாடிட்டு வாங்க. கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம்."

வாசலில் நின்ற மேனேஜர் கோட்டை எடுத்துவர ஓடினார்.

முதல் வரியில் அவன் குரல் உடைந்தது. இரண்டாவது வரியில் அரங்கமே எழுந்து நின்றது. சத்தத்தில் விழித்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்து அவள் அடித்தாள் ஒரு விசில். அன்றைக்கு அங்கே கேட்டதில் பெரிய விசில் அதுதான்.